பாட்டு வாத்தியார் எங்கே பார்க்கிறார்?

நவம்பர் 6, 1819. சனி

மதியம் ஜெபக்கூடத்தில் பாட்டு வகுப்பு. கென்டக்கியிலிருந்து வந்த வாத்தியார் லேமுவேல் தார்ப், பலகையில் முக்கோணம், வட்டம், சதுரம், வைரம் என்று கரியால் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம் என்கிறார். நாற்பது பேர் ஃபா, சோல், லா, மி என்று கத்துகிறோம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆள் ஏன் பெண்களின் வாயையே பார்க்கிறார்?

நவம்பர் 13

இன்றும் அப்படித்தான். அண்ணன் மகள் கேத்தூராள் பாடும்போது கிட்டே குனிந்து, உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தாயில்லாத பெண். பதினேழு வயது. வளர்த்தவள் நான் — எனக்கு வயிறு எரியாதா?

"எல்லாரையும் அப்படித்தான் பாக்குறாரு அத்தை, ஹல்டா கிழவியைக்கூட!" என்று சிரிக்கிறாள்.

நவம்பர் 15

வாத்தியாருக்கு வாரம் ஒரு வீட்டில் சாப்பாடு, படுக்கை. இந்த வாரம் எங்கள் முறை. அண்ணன் ஆசகேல் சபை மூப்பர், மறுக்க முடியாதாம். கேத்தூராளை என்னோடு படுக்க வைத்துக்கொண்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டால் அந்த ஆள் திரும்புவதில்லை. என்ன திமிர்!

நவம்பர் 16

கொட்டில் ஓரமாக நின்று, சுருதி பிடிக்கும் இரும்பு இசைக்கவையைத் தட்டுகிறார். காதில் வைக்கவில்லை. காம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடுகிறார். இது என்ன வித்தை?

நவம்பர் 17

இரும்புச் சட்டியின் மூடி கை தவறி அவர் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. கோழிகள் சிதறி ஓடின. அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

முன்னால் போய் நின்றேன். "எத்தனை நாளா காது கேக்கல?"

முகம் வெளுத்துவிட்டது. "மூணு வருஷமாம்மா."

"சுருதி பிசகுனா எப்படித் தெரியும்?"

"கவையப் பல்லுல கடிச்சா அதோட சுருதி அதிர்வுல தெரியும். பாடுறவங்க வாயப் பாத்தா பாதி தெரியும். மிச்சத்துக்கு, பக்கத்துல இருக்கறவங்க முகஞ்சுளிப்பாங்க. சொல்லிடாதீங்கம்மா. எனக்கு வேற தொழில் தெரியாது."

ஏமாற்றுக்காரர்தானே? ஆனால் போன ஞாயிறு ஆராதனையில் நாலு வகைக் குரலும் ஒன்றாகச் சேர்ந்தபோது அண்ணனே கண் துடைத்தார். அதுவும் ஏமாற்றா?

நவம்பர் 20

அண்ணன் கேட்டார்: "அந்த ஆளு பொண்ணுங்க வாயையே பாக்குறானாமே? தொரத்திடட்டுமா?"

"பாட்டு வாத்தியாரு வாயப் பாக்காம, செருப்பையா பாப்பாரு?" என்றேன்.

மீதியைச் சொல்லவில்லை. அண்ணனிடம் நான் மறைத்தது இதுவே முதல் தடவை.

நவம்பர் 27

முன்பெஞ்சுக்கு மாறிவிட்டேன். ஆண்கள் பக்கம் சுருதி இறங்கினால் புருவத்தைச் சுளிக்கிறேன். அவர் உடனே கையை உயர்த்துகிறார். வகுப்பு முழுக்க என் முகத்தை விட்டு அவர் கண் நகரவில்லை.

டிசம்பர் 4

முன்பெஞ்சில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பாட்டு மட்டும் இம்மி பிசகாமல் வந்தது.

இப்போதெல்லாம் தண்ணீருக்குப் போனாலும், விறகுக்குப் போனாலும் கேத்தூராள் கூடவே வருகிறாள். அண்ணன்தான் சொல்லி அனுப்புகிறாராம்.