யாழினிக்கு நாம் வைத்த இன்னொரு பெயர்

அக்கா,

யாழினியின் சாதிச் சான்றிதழைத் தேடி பீரோவைக் கலைத்தபோது அந்த ரோஸ் நிற ஃபைல் கையில் வந்தது. பதினோராம் வகுப்பில் சேர்க்க நாளைக்குள் சான்றிதழ் வேண்டும். தேடுவதை விட்டுவிட்டு, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே உன் கையெழுத்து. பள்ளிக்கூட ஆபீசில் வருஷக்கணக்காக டி.சி. எழுதிய கையெழுத்து, அச்சடித்த மாதிரி: எஸ். கீர்த்தனா, வயது ஒன்பது. அப்படி ஒரு பெண் நம் குடும்பத்தில் பிறக்கவே இல்லை.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. போனவளோடு சண்டை பிடிப்பது எனக்கே நன்றாக இல்லை. ஆனால் நீ இருந்தபோது உன்னை எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் இருந்தது?

நான்காம் வகுப்பில்தான் யாழினி மாறிப்போனாள். பள்ளிவிட்டு வந்தால் செருப்பைக் கழற்றும்முன் கதை சொல்ல ஆரம்பிக்கிற பெண், சோறு வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம் என்று குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. இங்கே அணுபுரம் குடியிருப்பில், நடந்துபோகிற தூரத்தில் காலனி ஆஸ்பத்திரி இருந்தது. நீதான் விடவில்லை.

"அங்க ஃபைல் போட்டா காலனி முழுக்கத் தெரிஞ்சிடும்டி. நாளிக்குப் பொண்ணு கேட்டு வர்றவன் மொதல்ல இதத்தான் விசாரிப்பான்."

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நீ அப்போதே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டாய்.

செங்கல்பட்டில் ஒரு தனியார் டாக்டரை நீயே விசாரித்துவைத்தாய். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வந்து, மிளகாய்த்தூள் தடவிய கொய்யாப்பழத்தோடு ஸ்டேஷன் வாசலில் எங்களுக்காக நின்றிருந்தாய். ஆட்டோவில் அவளை மடியில் இழுத்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாய். "கண்ணு, அங்க உன் பேரு கீர்த்தனா. எதுனா கேட்டா வாயத் தொறக்காத. பெரிம்மா பாத்துக்கறேன்." அவள் தலையை ஆட்டினாள். உன் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

டாக்டர் மூன்று முறை "கீர்த்தனா" என்று கூப்பிட்டார். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு பேசிக்கொண்டிருந்தாளா என்று கேட்டார். நீ முந்திக்கொண்டாய்: "ஆரம்பத்துலேர்ந்தே இப்டித்தான் சார்." வெளியே வந்ததும் ஏனக்கா பொய் சொன்னாய் என்று கேட்டேன். "நல்லாப் பேசினு இருந்த பொண்ணுன்னா, வூட்ல இன்னா நடந்துச்சுன்னு நோண்டுவாருடி. ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். நாம் கொடுத்ததை வைத்து அவர் எழுதினார்: பிறவியிலேயே வளர்ச்சிக் குறைபாடு. இரண்டு வருஷம், சனிக்கிழமை தவறாமல் பேச்சுப் பயிற்சி. கதைப் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்து முடிக்கிற பெண்ணுக்குப் படத்தைக் காட்டி இது பூனை, இது பசு என்று சொல்லிக்கொடுத்தார்கள். நீயும் ஒரு சனிக்கிழமைகூட வராமல் இருந்ததில்லை. முட்டிவலியோடு அத்தனை படியும் ஏறினாய். அதையும் மறைக்க மாட்டேன்.

பதினோரு வயதில், சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் மணலைக் கிளறிக்கொண்டே கேட்டாள்: "நான் இல்லன்னா நீயும் அப்பாவும் நிம்மதியா இருப்பீங்கல்லம்மா?" மறுநாள் காலை உன்னிடம் சொல்லாமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சீட்டில் யாழினி என்றே எழுதச் சொன்னேன்.

அங்கே இருந்த சின்ன வயது டாக்டரம்மா பழைய ஃபைலைப் புரட்டினார். "பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பலன்னு எழுதியிருக்கே. எந்தப் பேரச் சொல்லிக் கூப்ட்டாங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். யாழினிதான் பதில் சொன்னாள். "கீர்த்தனான்னு. பெரிம்மா பேசாதன்னு சொன்னாங்க. அதான் பேசல."

சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறாள், அக்கா. அதைத்தான் நாம் இரண்டு வருஷம் நோய் என்று செங்கல்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். இருந்த நோய் வேறு: கடுமையான மனச்சோர்வு. மாத்திரையும் வாராவாரம் உட்கார்ந்து பேசுகிற சிகிச்சையும் ஆரம்பித்தார்கள். "அப்பவே உண்மையச் சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காதும்மா" என்றார் டாக்டரம்மா.

போனில் உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டது ஒன்றுதான்: "சொந்தப் பேரையா குடுத்துட்டு வந்த?" நான் போனை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் கல்யாணம் காதுகுத்தில் பார்த்தோம், சிரித்தோம். இதைப் பற்றி மட்டும் பேசவில்லை. பேசலாம் என்று நான் ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தேன், நீ ஒரு மதியம் மாரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய்.

இப்போது யாழினி தேறிவருகிறாள். நல்ல நாளும் உண்டு, எழுந்திருக்காத நாளும் உண்டு. போன வாரம் டாக்டரம்மா முன்னால் வைத்தே என்னைக் கேட்டாள்: "பெரிம்மா சொன்னாங்க, சரி. நீ ஏம்மா சும்மா இருந்த?"

உன் பெயரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. அன்று செங்கல்பட்டில் அந்த டாக்டர் என் பக்கம் திரும்பி, "அம்மா நீங்கதானே, நீங்க சொல்லுங்க" என்றார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "ஆமா சார், பொறந்ததுலேர்ந்தே" என்றேன். சும்மாகூட இருக்கவில்லை நான்.

யாழினி இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறாள். நான் உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். உன்னைத் திட்டிக்கொண்டிருக்கும்வரை அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.