சுவரைப் பார்க்கும் ராஜா

அன்பு மகள் வாண்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தை அம்மா போனில் விசாரிக்கும்போதெல்லாம் பக்கத்து அறையில் லென்ஸ் துடைக்கிற சாக்கில் நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், இருந்தாலும் எழுத உட்கார்ந்தால் கேட்பதுதான் முறை, நீ சுகமாக இருக்கிறாயா? உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பாய், அப்படி ஒன்றும் இல்லை. ஐந்து வருடம் வாயைத் திறக்காதவன் திடீரென்று பேனாவை எடுத்தால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடிக்கு ஏறுவதை விட்டுவிட்டாள். எனக்கு இடது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது, ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டவருக்கு வந்த கதியைப் பாருங்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா சொல்லிச் சிரிக்கிறாள், சிரித்துவிட்டு உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். நீ பயப்படாதே, ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். சுவரைப் பார்க்கும் ராஜாவை ஞாபகம் இருக்கிறதா? நீ காலேஜில் சேர்ந்த வருடம் தபாலில் ஒரு பை நிறைய மண் கழுவாத பழங்காசுகள் வரவழைத்தோமே, அதில் ஒன்று. ரோமாபுரிக் காசு என்றால் எல்லாம் ஒரே அச்சு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லப்பா, இது மாகாணக் காசு, ராஜா தலையை மரியாதைக்கு ஒரு பக்கம் போட்டுட்டு மறுபக்கம் அவங்கவங்க ஊர் ஆறு, கோயில், துறைமுகம்னு இஷ்டத்துக்கு அடிச்சுக்கிட்டாங்க, எழுத்துகூட அவங்க பேசின கிரேக்கம்தான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடை மேஜையில் ஒரு விளக்குக்கு நான், இன்னொரு விளக்குக்கு நீ. நான் பூதக்கண்ணாடியில் தடவிக்கொண்டிருப்பேன், நீ வெறும் கண்ணால் எழுத்தைக் கூட்டிவிடுவாய். அந்தக் காசில் மட்டும் ஒரு ராஜா, அவர் மூக்குக்கு நேர் எதிரே கல் மாதிரி இறுகிய மண் கட்டி. சுவரைப் பார்க்கிறார் என்று பெயர் வைத்துச் சிரித்தாய். பாதி இடம் காலியா இருக்குன்னா இன்னொரு ஆள் இருந்தே ஆகணும், மண்ணுக்குள்ள ஒரு முகம் இருக்கு, கொண்டுவராம விடக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தாய். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் அதை ஊறப்போட்டோம். நீ போன பிறகும் ஞாயிறு தவறாமல் நான் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். உன்னோடுதான் கோபம், காசோடு இல்லையே.

நடுவில் ஒரு தப்பு செய்தேன், அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பொறுமை போய் ஒருநாள் ஊசியால் அந்த மண்ணைக் குத்திப் பார்த்தேன். போன மாதம் தண்ணீர் மாற்றும்போது கட்டி தானாகவே பெயர்ந்து விழுந்தது. உள்ளே முகம் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் பள்ளமும் கீறலும்தான். என் ஊசிதான் அந்த முகத்தைத் தின்றுவிட்டது என்று நினைத்தேன். காசைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு நம் பல் டாக்டரிடம் ஓடினேன், நம்மைப் போலவே காசுப் பைத்தியம் பிடித்து, காசு சுரண்டப் பழைய கருவியெல்லாம் நமக்குக் கொடுப்பாரே அவர்தான். வெளியே நாலு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் தன் பெரிய விளக்கடியில் காசை வைத்துப் பார்த்தார். இது உங்க ஊசி பட்ட காயம் இல்ல சார், பழைய காயம், புதுசா கீறினா செம்பு பளிச்சுன்னு தெரியும், இங்க குழிக்குள்ளயும் அதே பச்சை படிஞ்சிருக்கு பாருங்க என்றார். அப்புறம் கதையைச் சொன்னார். அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் ராஜாவாக்கிவிட்டு அப்பா செத்துப்போனாராம், ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை, அண்ணன் தம்பியைக் கொன்றுவிட்டு, தம்பி முகம் எங்கே இருந்தாலும் செதுக்கி எடு என்று உத்தரவு போட்டானாம். இரண்டு பேர் முகத்தையும் எதிரெதிரே போட்டுக் காசு அடித்திருந்த ஊர்க்காரர்களும் உட்கார்ந்து ஒவ்வொரு காசாக எடுத்துச் செதுக்கியிருக்கிறார்கள். அழித்து வைத்த முகத்துக்கு நீயும் நானும் இத்தனை வருடம் தண்ணீர் மாற்றியிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, அப்போ இவரு இத்தனை நாளா யாரைப் பார்த்துக்கிட்டு இருக்காரு என்று கேட்டாள். நான் எழுந்து வாசலுக்கு வந்து நம் கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா இதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், நானே சொல்லிவிடுகிறேன். உன் பரீட்சை முடிவு வந்த அன்று உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் அப்பா - மகள் கண்ணாடிக் கடை என்று எழுதினேனே, கடை வேண்டாம், வெளியூர் வேலைதான் என்று நீ கிளம்பிப் போன அதே வாரம் பெயின்டரைக் கூப்பிட்டு மகள் என்ற எழுத்தின் மேல் நீலத்தைப் பூசச் சொன்னேன். அவன் தயங்கினான், நான்தான் அதட்டினேன். அந்த நீலம் பலகை நீலத்தோடு ஒட்டவே இல்லை. அப்பா என்று எழுதி, பக்கத்தில் ஒரு கட்டம். தெருவில் போகிறவர்கள் எல்லாம் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்த்தார்கள், ஐந்து வருடமும் நானும் அதைத்தான் பார்த்தேன்.

போன வியாழக்கிழமை அதே பெயின்டரைக் கூப்பிட்டேன், இப்போது அவன் தலை நரைத்துவிட்டது. என்ன எழுதணும் என்றான். ஒன்றும் எழுத வேண்டாம், பூசினதை எடு என்றேன். டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்க எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது, கொஞ்சம் மங்கல்தான். புதுசாக்கிடட்டுமா என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். இதைப் படித்துவிட்டு, அப்பா மறுபடியும் கடையை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைக்காதே. உன் வேலை உன்னுடையது. நீ கடையில் உட்கார்ந்தால்தான் மகள் என்று இருந்தேன் பார், அதுதான் என் முட்டாள்தனம்.

இன்னொன்று. போன வாரம் அம்மா போனில் உன் படத்தைக் காட்டினாள். இளைத்திருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடு, இருட்டில் போனைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாய். யார் போட்டார்கள் என்று கேட்கமாட்டேன், வயிற்றெரிச்சலாக இருக்கிறது. நல்ல பிரேம்தான், ஆனால் இடது பக்கம் இறங்கி நிற்கிறது. உன் இடது காது வலதைவிட ஒரு நூல் கீழே, பிறந்ததிலிருந்தே அப்படித்தான், அது அங்கே இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? காதுக் கம்பியைச் சூடுகாட்டிக் கொஞ்சம் வளைத்தால் சரியாகிவிடும், ஐந்து நிமிட வேலை. ஆனால் வாண்டு, அதைத் தபாலில் செய்ய முடியாது, போனிலும் முடியாது. எதிரில் முகம் இருந்தால்தான் முடியும். நான் செய்தது தப்பும்மா. ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு, நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூடட்டும். காசின் மறுபக்கத்தில் ஊர் பெயர் இருக்கிறது, என் கண்ணுக்குப் பிடிபடவில்லை, டாக்டர் அதைப் படித்துச் சொல்கிறேன் என்றபோதும், நீ வந்து படிக்கட்டும் என்று மூடிவைத்துவிட்டேன். உன் விளக்குக்குப் புது பல்பு போட்டிருக்கிறேன். வரும்போது நான் போட்டுக்கொடுத்த பழைய கண்ணாடியையும் மறக்காமல் எடுத்து வா.

இப்படிக்கு,
எதிரில் உன் முகம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்
அப்பா