எழுபத்திரண்டுக்கு அப்பால்

செப்டம்பர் 9, திங்கள்

துறைமுக நகரான ரியெகாவில் உள்ள எங்கள் கப்பல் வடிவமைப்பு அலுவலகத்துக்கு இன்று விடிவுகாலம் பிறந்தது. தலைநகர் ஸாக்ரெபிலிருந்து டோரியான் என்ற மீட்பர் எழுந்தருளியிருக்கிறார். வயது இருபத்தொன்பது. காலில் ஷூ உண்டு, சாக்ஸ் இல்லை.

கப்பல் கவிழுமா கவிழாதா என்று முப்பது வருடமாகக் கணக்குப் போடும் என் ஃபோர்ட்ரான் கணினி நிரலை நவம்பர் கடைசியில் நிறுத்திவிட்டு, அவர் எழுதும் புதியதை வைக்கப்போகிறார்களாம். நானும் அன்றைக்கே ஓய்வு பெறுகிறேன். இரண்டு பழைய சாமான்களுக்கும் ஒரே வண்டி, செலவு மிச்சம்.

"மேடம், இதை நீங்க எழுதினப்போ நான் பிறக்கவே இல்ல."

"பார்த்தாலே தெரியுது."

செப்டம்பர் 10

அவருக்குக் காபியில் ஓட்ஸ் பால்தான் வேண்டுமாம். கப்பல் கட்டும் தளத்தில்!

செப்டம்பர் 26

என் நிரலைப் படித்துக்கொண்டிருக்கிறார், பாவம். "ஏன் மேடம் எல்லாமே பெரிய எழுத்துல இருக்கு? கத்துற மாதிரி இருக்கே?"

"காது கேக்காதவங்களுக்காக."

அறையே சிரித்தது. அவன் முகம் சுருங்கிப் போனது. எனக்கு மதியச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

அக்டோபர் 17

இன்று பலப்பரீட்சை. 'லாஸ்தாவிட்சா'வை இரண்டு நிரல்களிலும் போட்டுப் பார்த்தோம். நான் கணக்குப் போட்டுக் கட்டிய கப்பல். 98 முதல் தீவுக்குக் காரும் ஆளும் ஏற்றிப் போகிறது. என் தங்கை மிலெனா வெள்ளிதோறும் அதில்தான் வீட்டுக்குப் போகிறாள். என் நிரலின்படி கப்பல் ஜம்மென்று நிற்கிறது. அவருடையதோ, மேல்தளம் நிறைந்தால் பாதுகாப்பு வரம்புக்குக் கீழே போய்விடும் என்கிறது.

"இருபத்தோரு வருஷமா மிதக்குது தம்பி. உன் நிரல் எத்தனை நாளா மிதக்குது?" என்றேன்.

எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். இயக்குநர் ஸ்லாவிட்சா மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்த வெள்ளிக்குள்ள யாரோடது தப்புன்னு எனக்குத் தெரியணும்."

அக்டோபர் 22

நான்கு நாளாக அவன் நிரலைக் குடைகிறேன். தப்பு கிடைக்கவில்லை. எரிச்சலாக வருகிறது. சுத்தமாக வேறு எழுதித் தொலைத்திருக்கிறான்.

அக்டோபர் 23

தப்பு என்னுடையது.

பழைய ஃபோர்ட்ரானில் ஒரு வரியில் எழுபத்திரண்டு எழுத்துக்குத்தான் இடம். அதற்கு மேல் எழுதினால் கணினி திட்டாது, எச்சரிக்காது, படிக்கவே படிக்காது. நிரலை அட்டையில் துளையிட்டுக் கொடுத்த காலத்துப் பழக்கம். இதை மறந்தவர்களை நாலு பேர் முன்னால் நிற்கவைத்து எத்தனை முறை மானத்தை வாங்கியிருக்கிறேன்!

கப்பலின் தொட்டிகளில் தண்ணீர் தளும்பினால் அது நிமிர்ந்து நிற்கும் பலம் குறையும். ஒவ்வொரு தொட்டிக்கும் கொஞ்சம் கழிக்க வேண்டும். 97-ல் நான் எழுதிய வரி ஏழு தொட்டிக்குக் கழிக்கிறது. எட்டாவது தொட்டி எழுபத்து மூன்றாம் இடத்தில் தொடங்குகிறது. திரையில் பளிச்சென்று தெரிகிறது, கணக்கில் இல்லை.

அடிப்பாவி நெவென்கா, என்னத்தடி எழுதிவச்சே? இருபத்திரண்டு வருஷம்! மிலெனா அதுலதானேடி போறா?

அக்டோபர் 24

வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் டோரியானே என் மேசைக்கு வந்தான். நின்றான், உட்காரக்கூட இல்லை.

"மேடம், நான்தான் எங்கேயோ சொதப்பியிருக்கேன். என்னோடதுல எட்டாவது தொட்டியை எடுத்துட்டா உங்க விடை அப்படியே வருது. எடுத்துடட்டுமா?"

சரி என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். புதிய நிரலுக்குள்ளும் என் தப்பு குடியேறிவிடும்; நான் பெயர் கெடாமல் வீட்டுக்குப் போகலாம். சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு இவன் மன்னிப்புக் கேட்கிறானே — எதனால்? நான் கேலி செய்தே இவனை இப்படி ஆக்கிவைத்திருக்கிறேன்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன். கோழை.

அக்டோபர் 25, வெள்ளி

கூட்டத்தில் சொல்லிவிட்டேன். "எதையும் எடுக்கக்கூடாது. டோரியான் கணக்குதான் சரி. என்னோடது 97லேருந்து தப்பு." யாரும் சிரிக்கவில்லை. எப்போது சிரிக்க வேண்டுமோ அப்போது சிரிக்கமாட்டார்கள்.

ஸ்லாவிட்சா கதவைச் சாத்தினாள். "தப்பு உன்னோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா திரும்ப வாங்க முடியாது, நெவென்கா. யோசிச்சுக்கோ."

"போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

பிறகு கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன். அவமானம், வேறென்ன. வெளியே வந்தால் டோரியான் காபியோடு நிற்கிறான், ஓட்ஸ் பால் போட்டது. மகா கேவலம். முழுக்கக் குடித்தேன்.

நவம்பர் 4

துறைமுக அதிகாரிகள் வந்து போனார்கள். தொட்டியை மாற்றிக் கட்டும் வரை லாஸ்தாவிட்சாவின் மேல்தளத்தில் பாதி கார்கள்தான். மிலெனாவிடம் போனில் சொன்னேன். "புயல்ல எல்லாம் போயிருக்கேன்டி" என்றாள். வைத்துவிட்டாள்.

நவம்பர் 29

பழைய நிரலை நானே நிறுத்தினேன். விருந்து, பேச்சு, ஒன்றுமில்லை. முப்பத்தோரு வருட சேவைக்கு லிஃப்ட் வரை வழியனுப்பு விழா. டோரியான் மட்டும் கூடவே இறங்கி வந்தான்.

டிசம்பர் 6, வெள்ளி

மிலெனா மறுபடி பேசுகிறாள். தீவு வீட்டில் சமையலுக்கு ஆள் வேண்டுமாம்; காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். துறைமுகத்தில் கார் வரிசை மலையடிவாரம் வரை. ஊசியாய்க் குத்தும் வாடைக்காற்று. எனக்கு முன்னால் இருந்த மீன் வண்டிக்காரர் இறங்கி வந்து கத்தினார்: "எந்த முட்டாப்பய கணக்குப் போட்டானோ! மூணு மணி நேரமா நிக்கிறேன்!"

"நான்தாங்க" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லா பேசுறீங்கம்மா" என்று தன் பிளாஸ்கிலிருந்து சூடாகக் காபி ஊற்றிக் கொடுத்தார்.

கார் இல்லாமல் நடந்தே ஏறிவிட்ட மிலெனா மேலிருந்து கைகாட்ட, லாஸ்தாவிட்சா மேல்தளம் பாதி காலியாகக் கிளம்பிப் போனது. அடுத்ததற்கு இரண்டு மணி நேரம். அவர் அந்தக் கணக்குப் போட்டவனை மறுபடி திட்ட ஆரம்பித்தார். நானும் சேர்ந்து திட்டினேன்.