தூணைச் சுற்றி ஒரு முகில்

இஞ்சருங்கோ, இன்று எங்கள் சோற்று மேசை முழுவதும் பிளான் தாள். மூத்தவளின் மகள், தான் கட்டடப் படம் கீறும் கந்தோரிலிருந்து கொண்டுவந்து விரித்திருக்கிறாள். நீங்கள் சட்டைப் பையில் மடித்து வைத்துத் திரிந்த தாள் போலத்தான். ஆனால் ஒரு தூணைச் சுற்றி முகில் போல வளைந்த கோடு. என்னடி இது என்று கேட்டேன். முந்தின படத்தில் எதை மாற்றினாலும் சுற்றிவர இப்படிக் கீறி, யார், ஏன் மாற்றினார்கள் என்று ஓரத்துக் கட்டத்தில் எழுத வேண்டுமாம்.

இந்தத் தூண் அவர்களின் பொதுப் படம். கணினியில் ஒருமுறை கீறி வைத்தால் எல்லாக் கட்டடத்துக்கும் அதுதான் போகும். அதில் கம்பியை மூடும் கொங்கிறீற்றின் தடிப்பை யாரோ குறைத்திருக்கிறார்கள். அப்போது முகிலும் இல்லை, எழுத்தும் இல்லை; இந்த முகில் இவள் பிறகு கீறியது. பழைய படத்தின் மேல் புதியதை வைத்துப் பார்த்தபோதுதான் இவளுக்குப் பிடிபட்டது. அதற்குள் தாள் அரிப்புக் கடற்கரையில் கட்டுமிடத்துக்குப் போய்விட்டது. நாளை அங்கே தூண் ஊற்ற இருந்தார்கள். சின்ன விசயம், விடும் என்றாராம் கந்தோர் பெரியவர். இவள் விடவில்லை. தடிப்பைத் திரும்பக் கூட்டிய திருத்தத்தில் அவர் கையெழுத்து வைக்கும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லையாம். பிறகு தானே போன் எடுத்து ஊற்றுவதை நிறுத்தினாள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றேன்.

“கட்டுற மேசனுக்கு என்னெண்டு தெரியும், அம்மம்மா? பழி அவருக்குத்தானே வரும்.”

வங்காலையில் நீங்கள் மேசனாக நின்று கட்டிய மீன்வலை மண்டபத்தின் கதை அவளுக்குத் தெரியாது. தடிப்பைக் கூட்டிய இரண்டாவது தாள் வந்தபோது, பார்வைக்கு முதல் தாள் போலவே இருந்ததால், பென்சிலால் குறிப்பெழுதிய பழைய தாளையே வைத்து வேலை செய்தீர்கள். உப்புக்காற்று கம்பியைத் தின்று தூண் வெடித்தது. சனம் உங்களைத்தான் பழி சொன்னது.

“மாத்தினதெண்டு ஒரு கோடு கீறியிருந்தா பார்த்திருப்பனப்பா” என்றீர்கள்.

“தெரியாட்டிக் கேக்கிறதுதானே” என்றேன், ஐந்தாம் வகுப்போடு நின்ற நான். அதன்பிறகு நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பேத்தி ‘ஏன்’ என்ற கட்டத்தில் கடற்காற்று என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரையும் போட்டிருக்கிறாள். இரண்டு தரம் வாசித்தேன்.

‘கேக்கிறதுதானே’ என்று அன்று சொன்ன அந்தச் சொல்லை நான் இன்னும் சுமக்கிறேன். ஞாயிறு பூசை முடியச் சேமக்காலைக்கு, உங்கள் கல்லறையடிக்கு வாறன், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. உங்களில் பிழையில்லை என்று அவளுக்கு முன்னால் சொல்ல வேண்டும்.