பிரேக்கில் ஒட்டியிருந்த உப்புத்தாள்

வலது உள்ளங்காலில் சுருக்கென்று குத்தியது. ஞாயிறு மதியம், சாப்பிட்ட கைகூடக் காயவில்லை. டிவி கேமுக்கான உன் ஸ்டீயரிங்கை என் வீட்டு மேசையில் மாட்டிவிட்டு, பெடல்களைத் தரையில் வைத்து, கேமில் வந்திருக்கும் புது வண்டி ஒன்றை ஓட்டிப் பார்க்கலாம் என்று வெறுங்காலோடு உட்கார்ந்தேன். பிரேக்கை மிதித்ததும் காலை இழுத்துக்கொண்டேன். குனிந்து பார்த்தால் பிரேக் மிதியில் உப்புத்தாள் ஒட்டியிருக்கிறது. ஆக்சிலேட்டரில் இல்லை. பிரேக்கில் மட்டும். அதிலிருந்து பத்து நாளாக எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கடைக்குப் போகிறேன் என்று கிளம்பி, பாதி வழியில் எதற்கு வந்தேன் என்று மறந்து நிற்கிறேன்.

ஸ்டீயரிங்கும் பெடலும் கலா கொடுத்தது. நீ செத்துப்போய் எட்டு மாதம் கழித்து அன்று காலைதான் ஜோகுபாளையத்தில் உன் வீட்டுப் படி ஏறினேன். “டிவி பக்கத்துலயே இருக்குதுண்ணா, தெனம் பாத்துட்டு இருக்க முடியல. நீங்களே எடுத்துட்டுப் போங்க” என்றாள் உன் மனைவி. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் தொம்மலூர் வந்து சேர்ந்தேன்.

இருபது வருடம் ஒரே கராஜில் வேலை பார்த்தோம். நான் பெயின்டர், நீ ட்ரையல் எடுப்பவன். ரிப்பேர் முடிந்த எந்த வண்டியும் நீ ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து தலையாட்டாமல் வெளியே போகாது. சூப்பர்வைசர் வாசலிலேயே நிற்பார், “ஏன் குரு, ட்ரையல் ஆய்த்தா?” என்று, முடிந்ததா எனக் கன்னடத்தில் கேட்டபடி. நீ எடுக்கும் ரோடு எப்போதும் ஒன்றுதான். கேட்டைத் தாண்டி இடது பக்கம், ஊருக்குள் இருக்கும் அந்த நாலு வேகத்தடை, மேம்பாலம் ஏறி இறங்கி, திரும்பி கராஜ். டிராபிக் முட்டிக்கொண்டு நின்றாலும் வேறு வழியில் போக மாட்டாய். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். “ரோட்ட மாத்துனா வண்டி பொய் சொல்லும்டா” என்றாய்.

கேம் வாங்கியபோதும் அதே கூத்து. ஐம்பதைத் தொடப்போகும் இரண்டு பேர் ஞாயிறு மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் கார் ஓட்டுகிறார்கள் என்று என் மகள் சிரித்துக்கொண்டே இருப்பாள். நமக்கு ரேஸில் ஜெயிப்பதில் ஆசையே இல்லை. புதுப் புது வண்டியாக எடுத்து ட்ரையல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்டீயரிங்கும் பெடலும் உனக்கு, கையில் பிடித்து ஓட்டும் ரிமோட் எனக்கு. அதற்கு ஒரு ட்ராக் வேண்டுமே. ஒரு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு ட்ராக்காகக் கழித்தாய். ஒன்று ரொம்ப நீளம், ஒன்றில் மேடு பள்ளமே இல்லை, ஒன்று சும்மா வேடிக்கை பார்க்கத்தான் லாயக்கு. கடைசியில் மலை ட்ராக்கைத் தேர்ந்தெடுத்தாய். நேர் ரோடு ஒன்று, முடிந்ததும் இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவு. அங்கே பிரேக்கை அழுத்தி மிதித்தே ஆக வேண்டும். “இந்த எடத்துல நின்னா வண்டி, நிக்கலன்னா தகரம்” என்பாய். முதல் சுற்று கணக்கில் இல்லை, இரண்டாவது வண்டிக்கு, மூன்றாவது நமக்கு. மூன்று சுற்று முடிந்ததும் தீர்ப்பு. ஆறு வருடம் அந்த ட்ராக்கைத் தவிர வேறு எதிலும் நாம் தீர்ப்பு சொன்னதில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வார்த்தை சொல்லாமல், ஏரி ட்ராக்கைப் போட்டாய். நம் அல்சூர் ஏரி மாதிரி ஓர் ஏரியைச் சுற்றிப் போகும் ரோடு. அகலமான, மெதுவான வளைவுகள். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டால் போதும், பிரேக்கே வேண்டாம்.

“என்னடா இது, கொழந்தைங்க ஓட்டுற ரோடு” என்றேன்.

“இனிமே இதுதான். வளைவுல தெரியும்டா வண்டி.”

“பிரேக்க பாக்காம என்னடா ட்ரையலு? ரோட்ட மாத்தக் கூடாதுன்னு சொன்னவன் நீதான?”

நீ அடுத்த சுற்றைத் தொடங்கினாய். எனக்கு வந்ததே கோபம். ரிமோட்டைச் சோபாவில் எறிந்துவிட்டு டீகூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். கேமுக்கா இவ்வளவு என்று கேட்கலாம். நீ ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாய் என்று நம்பி வாழ்ந்துவிட்டேன், அதுதான்.

அடுத்த மாதமே கராஜில் ட்ரையல் எடுப்பதையும் விட்டாய். ஸ்பேர் பார்ட்ஸ் அறைக்குள் போய் உட்கார்ந்து போல்ட்டு நட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். அதை என்னால் தாங்க முடியவில்லை. டீ நேரத்தில் எல்லோரும் கூடி நிற்கும்போது நான் சொன்னேன்: “டிரைவர் அய்யாவுக்கு பிரேக்குன்னா பயம் வந்துடுச்சுப்பா. அங்கயும் பயம், இங்கயும் பயம். பயந்தாங்கொள்ளி.” ஒருவரும் சிரிக்கவில்லை. நீ மட்டும் சிரித்தாய். சிரித்துவிட்டு டீயைக் குடித்தாய். என் பேச்சுக்கு ஏன் யாரும் சிரிக்கவில்லை என்று எனக்கு அன்று உறைக்கவில்லை.

இப்போது அந்த உப்புத்தாளுக்கு வருகிறேன். அது ஒரு தாள் இல்லை, மூன்று. ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருக்கிறாய். முப்பது வருடமாகப் பட்டி தேய்த்த விரல் இது. ஓரத்தைத் தடவினால் நம்பர் சொல்லும். அடியில் நானூறு, நடுவில் இருநூற்று இருபது, மேலே எண்பது. நம்பர் இறங்க இறங்கச் சொரசொரப்பு ஏறும் என்று உனக்குத் தெரியும். உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். மூன்று தாளையும் உன் கையில் கொடுத்ததும் நான்தான். வருடத்துக்கு ஒருமுறை என் பெயின்ட் அறை வாசலில் வந்து நிற்பாய். “ஒரு பீஸ் குடுடா, வீட்டுக் கதவு மழைக்கு உப்பிக்கிச்சு, தேய்க்கணும்.” கடைசித் தடவை, நான் பயந்தாங்கொள்ளி என்று சொன்னதற்கு அடுத்த வாரம், “இன்னும் சொரசொரப்பா இருக்கறது குடு” என்றாய். “கதவத் தேய்க்கிறியா, யானையத் தேய்க்கிறியா?” என்று கேட்டுக்கொண்டே கிழித்துக் கொடுத்தேன்.

மறுநாளே கலாவிடம் போனேன். உன் கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். இன்னும் உப்பிக்கொண்டுதான் இருக்கிறது.

“சுகர்ல வலது கால் மரத்துப் போச்சுண்ணா” என்றாள். “ரோட்ல செருப்பு கழண்டு போனாக்கூட அவருக்குத் தெரியாது. நான்தான் ஓடிப்போய் எடுத்துட்டு வருவேன். பிரேக் மேல கால் இருக்குதா இல்லயான்னே தெரியலன்னார் ஒருநாள். அடுத்தவன் வண்டிய எடுத்துட்டுப் போய் யார் மேலயாவது ஏத்திட்டா என்ன பண்றதுன்னு வேலைய மாத்திக்கிட்டார்.”

உனக்குச் சர்க்கரை என்று தெரியும். நம் கராஜில் யாருக்குத்தான் இல்லை. கால் விஷயம் தெரியாது. மாரடைப்பு உன்னைக் கொண்டுபோன அன்றும் தெரியாது.

எல்லோர் முன்னாலும் சொன்ன சொல்லை எல்லோர் முன்னாலும்தான் திரும்ப எடுக்க வேண்டும். அடுத்த வாரம் திங்கட்கிழமை டீ நேரத்தில், கிளாஸைக் கையில் வாங்காமலே சொன்னேன். “அவன் பயந்து விடல. கால் மரத்துப் போயிருக்கு. யாருக்கும் அடிபடக் கூடாதுன்னு விட்டிருக்கான். நான்தான் வாய்க்கு வந்தத பேசிட்டேன்.”

யாரும் ஆச்சரியப்படவில்லை. எலக்ட்ரீஷியன் நவாஸ் பாய் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “எங்களுக்குத் தெரியும்பா. அப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிட்டான். உன்கிட்ட மட்டும் சொல்ல வேணாம்னான்.”

“என்கிட்ட மட்டும் ஏன் பாய்?”

“நீ கத்துவ. டாக்டருகிட்ட இழுத்துட்டுப் போவ. கால் சரியாகற வரைக்கும் கேமும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு ஞாயித்துக்கெழம வர்றத நிறுத்திடுவ. அது ஒண்ணுக்குத்தான் பயந்தான்.”

உண்மைதான். நிறுத்தியிருப்பேன். கத்தியிருப்பேன். ஆனால் டாக்டரிடமும் இழுத்துக்கொண்டு போயிருப்பேனே, மடையா. உன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. என் மேல் இருப்பது அதைவிடப் பெரிது. இரண்டையும் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன்.

நேற்று மறுபடி உட்கார்ந்தேன். எந்த ட்ராக் என்று கேட்டுத் திரை நின்றது. மலைக்கும் ஏரிக்கும் நடுவில் என் விரல் எத்தனை தடவை போய் வந்தது என்று தெரியாது. கடைசியில் ஏரியைப் போட்டேன். மூன்று சுற்று. வளைவில் வண்டி தெரியும் என்று நீ சொன்னது சாக்கு இல்லை. இரண்டாவது சுற்றில், தண்ணீரை ஒட்டிப் போகும் நீண்ட வளைவில், வண்டியின் பின்பக்கம் வெளியே நழுவப் பார்த்தது. மலை ட்ராக்கில் இது தெரிந்தே இருக்காது. கால் போன பிறகும் நீ நல்ல ரோடாகத்தான் பார்த்து எடுத்திருக்கிறாய். இனி எனக்கும் இதுதான். மாற்ற மாட்டேன்.

பிரேக் தேவைப்படவே இல்லை. ஆனாலும் மூன்று சுற்றும் முடிந்து வண்டி தானாக நின்ற பிறகு, வெறுங்காலை அதன் மேல் வைத்து அழுத்தினேன். எண்பது நம்பர். நன்றாகவே குத்துகிறது. உனக்கும் இப்படிக் குத்தாதா என்றுதானே ஒட்டினாய். நான் காலை எடுக்கவில்லை.