குதிருக்குள் நம் மகள்

என் வீட்டுக்காரருக்குப் பணிவுடன்,

மூட்டுவலி குறைந்ததா? நான் நலம். தலைநகர் தெனோச்தித்லானின் கோயில் தறியில் வேலைக்குக் குறைவில்லை.

ஐம்பத்திரண்டு ஆண்டுச் சுற்று முடிந்து ஊரெங்கும் அடுப்பணைக்கும் இரவு நெருங்குகிறது. அன்று பூசாரிகள் கடையும் புது நெருப்பு பற்றாவிட்டால் கர்ப்பிணிகள் மிருகமாகி மனிதரைத் தின்பார்களாம். நம் மகள் சென்தெவாவுக்கும் கற்றாழை முகமூடி மாட்டிச் சோளக் குதிரில் பூட்டுவார்கள். அவளுக்கோ இதுதான் நிறைமாதம்.

விடுப்பு கேட்டேன். "ஏண்டி, மக புலியானா நீ போய்ப் பால் குடுக்கப் போறியா?" என்றாள் தறித் தலைவி. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன்.

புலி வராது, வலி வரும். அவள் கதறலை உறுமல் என்று நினைத்துக் காவலர்கள் ஈட்டியைத் தூக்குவார்கள்.

தண்ணீரும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு நீங்களும் உள்ளே போய்விடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். இதைக் கொண்டுவரும் வணிகர் கிளம்பக் காத்திருக்கிறார். அவள் கத்தும்போதெல்லாம், "அது என் மகள்" என்று வெளியே கேட்கும்படி சொல்லிக்கொண்டே இருங்கள்.

உங்கள் ஷோகோ