முப்பத்தைந்துக்குக் கீழே

கலசின்,
பிப்ரவரி 18

அன்புள்ள பிக்குன் அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமென்று எழுதினால் இன்னும் நலம். கோன்கேன் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் சினைப்பைப் புற்றுக்கு மருந்து ஏற்றிக்கொண்டபோது செய்த சத்தியப்படி, என் ரத்தத்தின் எண்ணை முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறேன். புற்று திரும்புகிறதா என்று காட்டும் சி.ஏ. 125 பதினொன்று! முப்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் போதும் என்றிருந்தார் டாக்டர். என் வீட்டுக்காரர் பதினொன்றில் முடிகிற லாட்டரிச் சீட்டைக் கையோடு வாங்கிவிட்டார். "அக்கா நம்பரையும் கேளு, ரெண்டையும் சேத்து அடிச்சுப் பாப்போம்" என்கிறார். வெட்கங்கெட்ட மனிதர். இவரோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

உங்கள் எண் என்ன?

தங்கை,
சம்னியங்

லோயி,
மார்ச் 6

அன்புத் தங்கை சம்னியங்குக்கு,

போனில் பேசினால் என் மகள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். அதனால்தான் கடிதம். உன் வீட்டுக்காரர் கேட்டதைக் கொடுத்துவிடுகிறேன்: நூற்று நாற்பத்தேழு. போன தடவை அறுபது. நோய் திரும்புகிறது என்றுதான் அர்த்தம். ஆனால் ஸ்கேனில் எதுவும் இல்லை, நன்றாகப் பசிக்கிறது. "எண் ஏறிட்டுதேன்னு இப்பவே மருந்து ஏத்தினா ஆயுசு கூடாதும்மா, நல்லா இருக்கிற நாள்தான் கொறையும். ஒடம்பு சொல்லட்டும், அப்ப பாப்போம்" என்றார் டாக்டர். மகள் அழுதாள். நான் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இனி உன் எண்ணை எனக்கு எழுதாதே. பதினொன்று என்று படித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிறு எரிந்தது. நீ எனக்கு வேண்டும். நம் உறவை இந்தப் பொறாமையால் கெடுத்துக்கொள்ள மாட்டேன். ஊர்க்கதை எழுது, போதும்.

அக்கா,
பிக்குன்

கலசின்,
மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடியே ஊர்க்கதை. மழை கேட்டு விடுகிற ராக்கெட் திருவிழா முடிந்தது. எங்கள் தெரு ராக்கெட் மேலே போகாமல் புஸ்ஸென்று அடங்கிவிட்டது. வழக்கப்படி செய்தவர்களைச் சேற்றில் உருட்டினார்கள், அதில் என் வீட்டுக்காரரும் ஒருவர். துவைத்துத் துவைத்து என் கை ஓய்ந்தது. வாத்துகள் நன்றாக முட்டையிடுகின்றன. வெயில்தான் தாங்கவில்லை.

அக்கா, உடம்பு சொல்லட்டும் என்று உங்கள் டாக்டர் சொன்னாரே, அது எல்லோருக்குமேவா, உங்களுக்கு மட்டுமா? சும்மா கேட்டேன்.

சம்னியங்

லோயி,
ஜூன் 3

சம்னியங்,

சும்மா கேட்டாயா? நீ எதையும் சும்மா கேட்கிறவள் இல்லை. உன் எண்ணும் ஏறிவிட்டது. எழுதாதே என்று நான் வாயை அடைத்ததால் தனியாக வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறாய். புத்திகெட்டவள் நான்.

டாக்டர் சொன்னது எனக்கு. உனக்கு என்னவென்று உன் டாக்டர்தான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், சேர்ந்தே போய்க் கேட்போம். மகளிடம் சொல்லிவிட்டேன், தடுக்கவில்லை.

பொறாமை இப்போது கொஞ்சமும் இல்லை. ஆனால் இப்படி அது போயிருக்க வேண்டாம். உனக்குப் பதினொன்றாகவே இருந்திருக்கலாம், தங்கச்சி. நான் பாட்டுக்கு வயிறெரிந்துகொண்டே இருந்திருப்பேன்.

அக்கா,
பிக்குன்